பானை இல்லாத ஒரு சோறு

"நிஜப் படத்தோட ட்ரெய்லர் மாதிரியே இருக்கு." மாணவர்கள் சேர்ந்து எடுத்த பேய்ப்பட ட்ரெய்லர் ஒன்று ஓடி முடிந்து விளக்கு எரிந்ததும் ஆசிரியர் சொல்வது இதைத்தான். பெற்றோர் பூரிப்பதும், சக மாணவர்கள் கைதட்டுவதும் இதற்காகத்தான். இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது என்று எடுத்தவர்களும் நம்புகிறார்கள். எனக்கு இது பாராட்டாகவே படவில்லை. இந்த வாக்கியத்தை அளவுகோலாக்கி மதிப்பெண் போடுவது, கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளுக்குச் செய்கிற கெடுதல் என்றே சொல்வேன்.

இங்கிலாந்தின் பள்ளியிறுதிப் படிப்பான ஏ-லெவலில் உள்ள மீடியா ஸ்டடீஸ் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஓசிஆர் தேர்வு வாரியம் 2008இல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் தேர்ந்துகொள்ளக்கூடிய பணிகளில் ஒன்று, புதிய படம் ஒன்றுக்கான விளம்பரத் தொகுப்பு. அதில் டீசர் கட்டாயம். படத்தின் இணையதள முகப்பு, படத்தைத் தாங்கிய சினிமாப் பத்திரிகை அட்டை, போஸ்டர் ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டு. மொத்தம் 100 மதிப்பெண்: ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, டீசருக்கு 40, துணைப்பொருள்கள் இரண்டுக்கும் பத்துப் பத்து, கடைசியில் எழுதும் தன்மதிப்பீட்டுக்கு 20. 2017இல் வேறு பாடத்திட்டம் வந்து அந்த ஏற்பாடு போய்விட்டது. ஆனால் அது ஊட்டி வளர்த்த பார்வை, ட்ரெய்லர் எடுக்கும் எல்லா வகுப்பறைகளிலும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

எத்தனையோ குழுக்கள் பேய்ப்படத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. நட்சத்திரம் வேண்டாம், செட் வேண்டாம். ஊருக்கு வெளியே நாலு மரம், ஒரு டார்ச் லைட், அலறத் தெரிந்த ஒரு தோழி போதும். விளைவை நீங்களே ஊகிக்கலாம். காட்டுக்குள் ஓடும் பெண். தலைமூடிய சட்டை போட்ட உருவம். யாரும் இல்லாமல் ஆடும் ஊஞ்சல். குளியலறைக் கண்ணாடியில் சட்டென்று ஒரு முகம். நடுநடுவே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. வேகம் பிடிக்கும் இதயத்துடிப்பு, பிறகு படத்தின் பெயர், அது மறைந்ததும் கடைசியாக ஒரு அதிரடி. போஸ்டரில் பாதி முகம், ஒற்றைக் கண், சொட்டும் சிவப்பு எழுத்து. பத்திரிகை அட்டையிலும் அதே பெண், அதே முறைப்பு.

சில மாணவர்களின் ட்ரெய்லர் ஒரு பச்சை அட்டையோடு தொடங்கும். அது அமெரிக்கத் திரையரங்குகளுக்கான அனுமதி அட்டை. பிரிட்டனில் தணிக்கைச் சான்று தருவது பிபிஎஃப்சி. அதன் அட்டை வேறு. லண்டனில் படிக்கிற பிள்ளை தன் லண்டன் படத்துக்கு அமெரிக்க அட்டையை ஒட்டுகிறது என்றால், "இது எதற்கு இங்கே இருக்கிறது?" என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். "மாதிரியே இருக்கிறது" என்ற பாராட்டு அந்தக் கேள்வியைக் கேட்க விடாது.

ஆனால் என் முதல் ஆட்சேபம் நகலெடுப்பதைப் பற்றியதல்ல. இந்த ஒப்பீடே பொருந்தாது என்பதுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, சினிமா நிறுவனம் வெளியிடும் ட்ரெய்லர் அப்படிப்பட்டது. இரண்டு மணி நேரப் படம் வெந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நம் முன் நீட்டுகிறார்கள். அங்கே ட்ரெய்லர் வெட்டுபவரின் வேலை விலக்குவது. கையில் இருக்கும் ஏராளத்தில் எதை மறைப்பது என்பதே அவருடைய கவலை. மாணவர்களிடம் பானையே கிடையாது. உலை வைக்கவில்லை, அரிசி களையவில்லை. அவர்கள் எடுத்தது அந்த ஒன்றிரண்டு நிமிடம் மட்டும்தான். இல்லாத படத்துக்கு விளம்பரம் செய்யச் சொல்லியிருக்கிறோம். அது வேறு தொழில், வேறு கலை. அதை அறுவடை செய்தவனின் தராசில் நிறுத்தால் எடை தப்பாகத்தான் காட்டும்.

இல்லாத படத்துக்கு ட்ரெய்லர் எடுப்பது பள்ளிக்கூட வேலை என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 2007இல் ராபர்ட் ராட்ரிகஸும் க்வென்டின் டாரன்டினோவும் சேர்ந்து 'கிரைண்ட்ஹவுஸ்' என்ற இரட்டைப் படத்தை வெளியிட்டபோது, அதோடு, எடுக்கப்படாத படங்களின் ட்ரெய்லர்களையும் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்றான 'மசெட்டே' 2010இல் முழுப் படமானது. ஈலை ராத் எடுத்த 'தேங்க்ஸ்கிவிங்' என்ற திகில்பட ட்ரெய்லர் 16 ஆண்டு கழித்து, 2023இல், படமாக வந்தது. அதே நேரத்தில் நடந்த ரசிகர்களுக்கான பொய் ட்ரெய்லர் போட்டியில் கனடாவின் ஜேசன் ஐஸ்னர் எடுத்த 'ஹோபோ வித் எ ஷாட்கன்' வென்றது. அதுவும் 2011இல் படமானது. பருக்கையைப் பார்த்தவர்களுக்குப் பசி எடுத்தது, பானை பிறகு ஏறியது.

இதற்கும் முன்பே இளைஞர்கள் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். சாம் ரெய்மி 1978இல் சூப்பர் 8 ஃபிலிமில் 'விதின் த வுட்ஸ்' என்று அரைமணி நேரக் குறும்படம் எடுத்தார். செலவு ஏறக்குறைய 1,600 டாலர். பணம் போடக்கூடியவர்களிடம் போட்டுக்காட்டி, "இப்படி ஒரு படம் எடுக்கப்போகிறோம்" என்று கேட்பதற்காகவே எடுத்தது அது. 'ஈவில் டெட்' அப்படித்தான் உருவானது. மெல்பர்ன் திரைப்படப் படிப்பில் சந்தித்துக்கொண்ட ஜேம்ஸ் வானும் லீ வானெலும் தங்கள் திரைக்கதையை விற்க 2003இல் ஒரே ஒரு காட்சியைக் குறும்படமாக எடுத்தார்கள். மறு ஆண்டு 'சா' வெளிவந்தது. மாணவர் ட்ரெய்லருக்கு ரத்த உறவு இவைதான். பெரிய நிறுவனத்தின் கோடை வெளியீடு அதற்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இல்லாத அந்தப் படம் பார்ப்பவர் மனத்தில் எழுந்து நிற்கிறதா? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் வழக்கமான மதிப்பீட்டின் ஒவ்வொரு தூணும் ஆட்டம் காண்கிறது.

முதல் தூண் மரபு. "இந்த வகைப் படத்தின் மரபுகளை எப்படிப் பயன்படுத்தினாய், வளர்த்தாய், மீறினாய்?" என்பது தன்மதிப்பீட்டில் கேட்கப்பட்ட கேள்வி. கேள்வி நல்ல கேள்வி. அது வகுப்பறையில் சாமான் பட்டியலாகிவிட்டது. இருட்டு இருக்கிறதா, டிக். முகமூடி இருக்கிறதா, டிக். கடைசியில் உயிர்தப்பும் பெண் இருக்கிறாளா, டிக். 'இறுதிப் பெண்' என்ற அந்தக் கருத்தைத் திரைப்பட ஆய்வாளர் கரோல் குளோவர் 1987இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். வந்துபோன கொலைப் படங்களை உட்கார்ந்து பார்த்து, ஆண்கள் நிறைந்த அரங்கு ஏன் கடைசியில் ஒரு பெண்ணின் பக்கம் சாய்கிறது என்று வியந்து எழுதியது அது. நடந்ததை விளக்கிய எழுத்து, செய்யவேண்டிய வீட்டுப்பாடமாக மாறிவிட்டது. இலக்கியம் முந்தி, இலக்கணம் பிந்தி என்பது நமக்குத் தெரிந்த வரிசை. இங்கே இலக்கணத்தைக் கையில் கொடுத்துவிட்டு இலக்கியம் எங்கே என்று தேடுகிறோம்.

மரபு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் முட்டுக்கட்டைக்கு யாரோ கண்ட வழி. கிரைண்ட்ஹவுஸில் எட்கர் ரைட் செய்த 'டோன்ட்' என்ற பொய் ட்ரெய்லரில் ஒருவரும் வாய் திறந்து பேசுவதில்லை. பழைய நாளில் ஐரோப்பிய, பிரிட்டிஷ் பேய்ப்படங்களை அமெரிக்காவில் விற்றவர்கள், இது வெளியூர்ச் சரக்கு என்று உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று வசனத்தையே ட்ரெய்லரில் சேர்க்க மாட்டார்கள். ரைட் கிண்டல் செய்தது அதைத்தான். அவருக்கு மரபும் தெரியும், மரபின் காரணமும் தெரியும். காரணம் தெரிந்தவனால்தான் விளையாட முடிகிறது. பச்சை அட்டையை ஒட்டிய பிள்ளைக்கு நாம் காரணத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நினைவில் நிற்கும் திகில்பட ட்ரெய்லர்களை எடுத்துப் பாருங்கள், பட்டியலில் எத்தனை தேறும்? 1960இல் 'சைக்கோ'வுக்காக ஹிட்ச்காக் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் ட்ரெய்லரைத் தனியாகப் படமாக்கினார். வாடகை வீட்டைச் சுற்றிக்காட்டும் தரகர் போல அவரே செட்டுக்குள் நடந்து, "இங்கேதான்..." என்று இழுத்து, பாதியில் விழுங்கிக்கொள்கிறார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கும்போது அலறுவதுகூடப் படத்தில் அங்கே குளிக்கும் ஜேனட் லீ இல்லை, பொய்முடி வைத்த வெரா மைல்ஸ். 1980இல் 'ஷைனிங்' ட்ரெய்லர் அசையாத ஒரே ஷாட். லிஃப்ட் கதவு, மேலே ஊர்ந்துபோகும் பெயர்கள், பிறகு வெள்ளமாய் ரத்தம். பாத்திரம் இல்லை, கதை இல்லை, ஓட்டம் இல்லை. 2009இல் 'பேராநார்மல் ஆக்டிவிட்டி' ட்ரெய்லர் அரங்கில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களின் முகங்களைக் காட்டியது. ஓரென் பெலி தன் சொந்த வீட்டில் ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்த படம் அது. இந்த மூன்றில் எதையும் ஒரு மாணவனால் செய்ய முடியாது என்று சொல்ல முடியுமா? ஒரு மனிதர் வீட்டைச் சுற்றிக்காட்டுவதற்கும், ஒரு மூடிய கதவுக்கும், இருட்டில் நாலு முகங்களுக்கும் என்ன செலவு? செலவு பிடிப்பது காட்டுக்குள் ஓட்டம்தான். அதையும் எல்லோரும் ஏற்கெனவே ஓடி முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது தூண், "பார்த்தவர்கள் பயந்தார்கள்" என்பது. தன்மதிப்பீட்டில் ரசிகர் கருத்தைப் பற்றிய பகுதியில் மாணவர்கள் பெருமையோடு எழுதும் சேதி: வகுப்பே துள்ளியது. துள்ளத்தான் செய்யும். நிசப்தத்தில் திடீரென்று பெருஞ்சத்தம் வந்தால் உடம்பு யோசிக்கும் முன்பே துள்ளும். குக்கர் விசிலுக்கும் துள்ளுகிறோம், அதைப் பேய்ப்படம் என்று யாரும் சொல்வதில்லை. துள்ளல் ஸ்பீக்கரின் சாமர்த்தியம். 1942இல் வால் லூட்டன் தயாரித்து ஷாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள், பின்னால் ஏதோ தொடர்கிறது, சீறல் ஒன்று கேட்கிறது, பார்த்தால் பஸ் வந்து நிற்கிறது. திடுக்கிடவைக்கும் உத்திக்கே 'லூட்டன் பஸ்' என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பஸ்ஸை நகலெடுத்தவர்கள் அதற்கு முந்தைய நடையை மறந்துவிட்டார்கள். காலடி ஓசை, தெருவிளக்கின் வெளிச்சம், அடுத்த விளக்கு வரைக்குமான இருட்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேய்ப்படத்தின் வேலை பேயைக் காட்டுவதல்ல, அரளச் செய்வது. அரண்டபின் பேயை நாமே கொண்டுவந்து வைத்துக்கொள்வோம்.

எனவே பார்த்தவரிடம் "பயமாக இருந்ததா?" என்று கேட்பது வீண். நண்பனுக்காக "ஆமாம்" என்றுதான் சொல்வார். கேட்க வேண்டியது இது: "இந்தப் படத்தின் கதையைச் சொல்லுங்கள் பார்ப்போம்." அவர் ஊகித்துச் சொல்லத் தொடங்கினால் படம் அவருக்குள் பிறந்திருக்கிறது. "யாரோ ஒரு பொண்ணு, யாரோ துரத்துறான்" என்றால் பிறக்கவில்லை. முழுக்கதையையும் முடிவோடு ஒப்பித்துவிட்டால் அதுவும் தோல்விதான். கேட்கப்பட்டது டீசர், கதைச்சுருக்கம் அல்ல.

மூன்றாவது தூண்தான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. ட்ரெய்லரும் போஸ்டரும் பத்திரிகை அட்டையும் சேர்ந்து எவ்வளவு பயன் தருகின்றன என்ற கேள்விக்கு, "மூன்றிலும் ஒரே எழுத்துரு, ஒரே சிவப்பு, ஒரே முகம்" என்று பதில் எழுதினால் போதும் என்றாகிவிட்டது. யூனிஃபார்ம் போட்டால் மட்டும் மூன்று பிள்ளைகள் ஒரு குடும்பமாகிவிடுமா? போஸ்டர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறது. கடந்துபோகிறவர் தரும் மூன்று நொடியில், சத்தமோ அசைவோ இல்லாமல், அது தன் வேலையை முடிக்க வேண்டும். பத்திரிகை அட்டை படத்துக்குச் சொந்தமே இல்லை. பத்திரிகையின் பெயர், விலை, பார்கோடு, உள்ளே இருக்கும் மற்ற படங்களின் செய்தி எல்லாவற்றோடும் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, அந்தப் பத்திரிகையின் வாசகனோடு அது பேச வேண்டும். மாணவர்களின் பத்திரிகை அட்டை பெரும்பாலும் தலைப்பு மாட்டிய இன்னொரு போஸ்டராக இருப்பதற்குக் காரணம், "ஒத்துப்போக வேண்டும்" என்று அவர்களைப் பழக்கியதுதான்.

நல்ல விளம்பரத் தொகுப்பில் உறுப்புகள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. 1975இல் 'ஜாஸ்' போஸ்டர் பெரிய சுறாவை வாய் பிளந்தபடி காட்டியது. படமோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதை மறைத்தே வைத்தது. போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு வெறும் கடல் தண்ணீரே போதுமானதாக இருந்தது. 'எக்ஸார்சிஸ்ட்' போஸ்டரில் பேய் பிடித்த சிறுமி இல்லை. தெருவிளக்கடியில் பையோடு ஒரு மனிதர் வந்து நிற்கிறார், மேலே ஒரு ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். 1979இல் 'ஏலியன்' போஸ்டரில் பிளவு விட்ட ஒரு முட்டை. படத்தில் வரும் முட்டை அப்படி இருக்காது. கீழே இருந்த ஒற்றை வரி, விண்வெளியில் அலறினால் கேட்க ஆளில்லை என்ற பொருளில், மிச்சத்தைச் செய்தது. முகமும் நிறமும் ஒத்துப்போகிறதா என்று டிக் போடுகிறவர் இந்த மூன்றுக்கும் மதிப்பெண் குறைத்துவிடுவார்.

இந்த வேலைப்பிரிவினையின் உச்சம், முன்னாள் மாணவர்கள் செய்ததுதான். சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறையில் படித்த டேனியல் மைரிக்கும் எட்வர்டோ சான்செஸும் 1997 அக்டோபரில் எட்டே நாளில் 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்தின் முக்கியக் காட்சிகளை எடுத்தார்கள். கேமரா நடிகர்களின் கையிலேயே இருந்தது. படம் வெளிவருமுன் இணையதளம் வந்தது. அதில் படத்தைப் பற்றிய பெருமை இல்லை. சூனியக்காரியின் வரலாறு, காணாமல்போன மூன்று பேரைப் பற்றிய தகவல், கிடைத்த பொருள்கள். 1999 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அவர்கள் கொடுத்த துண்டறிக்கை 'காணவில்லை' அறிவிப்பு. இணையதளம் கடந்த காலத்தைச் சொன்னது, துண்டறிக்கை இன்றைய பதற்றத்தைச் சொன்னது, படம் நடுவில் நடந்ததைச் சொன்னது. மூன்றையும் சேர்த்துக் கட்டியது எழுத்துரு அல்ல, ஒரே பொய்யை மூன்று வாய்களால் சொன்ன ஒழுங்கு. உலக வசூல் ஏறக்குறைய 24.8 கோடி டாலர். பணத்துக்காகச் சொல்லவில்லை. அந்தத் துண்டறிக்கையை எந்தப் பள்ளியின் ஜெராக்ஸ் இயந்திரத்திலும் எடுத்திருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுதரப்பின் வலுவான வாதங்களையும் கேட்டுவிட வேண்டும். "தொடங்குகிறவனுக்கு முதலில் மரபு கைவர வேண்டாமா? சரளி வரிசை பாடாமல் கீர்த்தனைக்குப் போக முடியுமா?" என்பது ஒன்று. போக முடியாதுதான். சரளி வரிசை பாடிப்பாடித்தான் குரல் படியும். ஆனால் சரளி வரிசையைக் கச்சேரி என்று சொல்லி யாரும் மாலை போடுவதில்லை. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் அந்தப் பாடத்திட்டம் ஒதுக்கிய 20 மதிப்பெண் சரளி வரிசைக்கான இடம். அங்கே பத்து ட்ரெய்லரை நகலெடுத்துப் பழகட்டும், ஷாட் ஷாட்டாக எண்ணட்டும். டீசருக்கான 40இலும் அதையே கேட்டதுதான் பிழை.

இன்னொரு வாதம் நியாயத்தைப் பற்றியது. பள்ளி ஆசிரியர் போடும் மதிப்பெண்ணைத் தேர்வு வாரியம் சரிபார்க்கும். நூறு பள்ளிகளின் வேலையை ஒரே கோலால் அளக்கப் பட்டியல் வேண்டும், ரசனையை நம்ப முடியாது என்கிறார்கள். பயம் நியாயமானது, மருந்துதான் தவறு. படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஐந்து பேரிடம் ட்ரெய்லரைக் காட்டி, அவர்கள் ஊகித்த கதையை எழுதி வாங்குங்கள். வேறு ஐந்து பேரிடம் போஸ்டரை மட்டும் மூன்று நொடி காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள், நினைவில் நின்றது என்ன என்று கேளுங்கள். இன்னும் ஐந்து பேரிடம் பத்திரிகை அட்டையைக் கொடுங்கள். பதில்களை மாணவர்கள் தாங்கள் நினைத்த படத்தோடு ஒப்பிட்டு எழுதட்டும். இதைச் சரிபார்க்க ரசனை வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும். முகமூடிக்கு டிக் போடுவதைவிட இது எந்த விதத்தில் அநியாயம்?

அப்படிச் செய்தால் தன்மதிப்பீட்டுக்கும் உயிர் வரும். இப்போது அது பெரும்பாலும் மென்பொருள் பெயர்களின் அணிவகுப்பும் "நேரம் போதவில்லை" என்ற மன்னிப்புக் கடிதமுமாக இருக்கிறது. ஒரு மாணவி எழுத வேண்டியது இப்படிப்பட்ட வாக்கியங்களை: ஊஞ்சல் காட்சியை எடுத்தோம், நன்றாக வந்தது, பார்த்தவர்கள் குழந்தையின் ஆவிப் படம் என்று நினைத்தார்கள், எங்கள் படம் அக்கா தங்கையைப் பற்றியது, ஆகவே வெட்டிவிட்டோம். ஒரு நல்ல ஷாட்டை ஏன் தூக்கிப் போட்டோம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, தன் படம் எது என்று தெரிந்துவிட்டது. கேமரா ஆடினாலும், ஒலி பிசிறினாலும், அந்தப் பிள்ளைக்கு நான் மதிப்பெண் போடுவேன். பளபளப்பான நகலை நீட்டிய குழுவுக்குப் பாதிதான்.

"நிஜப் படம் மாதிரியே இருக்கு" என்று சொன்னவர் பார்த்தது, தான் ஏற்கெனவே பார்த்த வேறு படங்களை. எனக்குத் தெரிந்து இந்த வேலைக்கு ஒரே பாராட்டுத்தான் உண்டு. விளக்கு எரிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "படம் எப்ப ரிலீஸ்?" என்று கேட்க வேண்டும். எடுத்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "படமே இல்லைங்க" என்று சொல்ல வேண்டும்.